பந்து சார் எனக்குச் சொன்ன இரண்டு வார்த்தை

சித்தூரில் எங்கள் பெரியம்மா மகள் வீட்டில், டிவிக்கு மேலே ஒரு கோப்பை இருக்கிறது. வெள்ளி இல்லை, முலாம்தான். அதுவும் காதுப் பக்கம் உரிந்து கறுத்துவிட்டது. சின்ன வயதில் கோல்ஃப் ஆடி அவள் வாங்கியது. அந்த வீட்டுக்கு எப்போது போனாலும் நான் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன். இந்த வயதில் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டுமாம், கோயில் சொற்பொழிவில் சொல்கிறார்கள். நகை ஆசையை நானே விட்டேன். காரத்தை டாக்டர் விடவைத்தார். அந்தக் கோப்பையைப் பார்த்தால் வருகிற வயிற்றெரிச்சலை மட்டும் விட முடியவில்லை. நம் வயதுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும். இல்லை என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

எங்கள் ஊர் ஆந்திர எல்லையில் நகரிப் பக்கம். வீட்டிலும் தமிழ், பள்ளிக்கூடத்திலும் தமிழ். தெலுங்கு எனக்கு பஸ் ஏறவும் கடையில் சாமான் கேட்கவும் போதும், அவ்வளவுதான். அந்த வருஷம் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை. பெரிய லீவு விட்டதும் நைனா என்னைக் கொண்டுபோய்ப் புத்தலப்பட்டுப் பக்கம் பெரியம்மா வீட்டில் விட்டார். பெரியம்மா மகள் என்னைவிட ஒரு வருஷம்கூட மூத்தவள் இல்லை. ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று பெரியம்மா உத்தரவு. அக்கா படித்தது தெலுங்குப் பள்ளி. வீட்டுக்குள் எங்களைப் போலப் பேசுவாள், வாசலைத் தாண்டினால் தெலுங்குதான். அவள் தெலுங்கு பேசும்போது என்னைவிட உயரமாகத் தெரிவாள். அது பொறாமையின் முதல் தவணை.

மாங்காய்க் காலம் அது. சாலை முழுக்க மாங்காய் லாரிகள். ஜூஸ் ஃபாக்டரிப் பக்கத்திலிருந்து காற்றடித்தால் பழம் புளித்த வாசனை வீட்டுக்குள் வந்து சோற்றில்கூட ஏறும். ஊர் ஏரி வற்றிக் கிடந்தது. எருமைகள் மேய்ந்து மேய்ந்து அடிநிலத்துப் புல் ஒட்ட வெட்டின மாதிரி இருந்தது. அந்த ஏரிக்குள்தான் கோல்ஃப்.

சொல்லிக்கொடுத்தவரை ஊரில் பந்து சார் என்பார்கள். பெங்களூரில் ஏதோ ஒரு கிளப்பில் பெரிய மனிதர்களுக்குக் கோல்ஃப் சொல்லிக்கொடுத்தவர், தெலுங்குக்காரர். வேலையை விட்ட பிறகு மனைவியின் ஊரோடு வந்துவிட்டார். சும்மா உட்கார அவரால் முடியவில்லை. ஒரு தோல் பை நிறையப் பழைய மட்டைகள் கொண்டுவந்திருந்தார். அதில் சிலதைக் கொல்லன் பட்டறையில் கொடுத்துக் குழந்தைகள் உயரத்துக்கு வெட்டி, பிடியில் சைக்கிள் ட்யூப் சுற்றியிருந்தார். ஏரிக்குள் ஓர் இடத்தைச் சமன்படுத்தி மணலைப் பரப்பி, லாரி ஷெட்டிலிருந்து கழிவு ஆயில் வாங்கிவந்து ஊற்றிக் கலந்து தேய்த்தார். அந்த மணலில் பந்து வழுக்கிக்கொண்டு போகும். நடுவில் ஒரு பால் பவுடர் டப்பாவைப் புதைத்திருந்தார். அதுதான் குழி. வெயில் ஏற ஏற அந்த ஆயில் வாசனை கிளம்பும். இன்றைக்கும் மெக்கானிக் கடை பக்கம் போனால் எனக்கு அந்த ஏரிதான் ஞாபகம் வரும்.

முதல் நாள் ஊர்ப் பையன்கள் எல்லோரும் வந்தார்கள். ஓடவும் வேண்டாம், யாரையும் பிடிக்கவும் வேண்டாம் என்று தெரிந்ததும் போய்விட்டார்கள். கடைசியில் நின்றது மூன்று பேர். அக்கா, நான், கம்பவுண்டர் மகன்.

மூன்று பேரையும் வரிசையாக நிறுத்தி ஒரே பாடம் நடத்துகிற வழக்கம் சாருக்கு இல்லை. ஒவ்வொருவரையும் தனியாகக் கரைமேல் புங்க மரத்தடிக்குக் கூட்டிப்போவார். அங்கே சொல்வது மற்றவர் காதில் விழக்கூடாது. விழுந்தால் கெட்டுப்போகுமாம். கேட்டால், "டாக்டரு எல்லாருக்கும் ஒரே மாத்திர இஸ்தாரா, குடுப்பாரா?" என்பார். அக்காவைப் பாடத்துக்குக் கூப்பிடுவதற்கு முன்னால் அவள் கிணற்றில் தண்ணீர் சேந்துவதை ஒரு காலை முழுக்க நின்று பார்த்தார். கம்பவுண்டர் மகன் பரோட்டா தின்பதைப் பார்த்தார். அப்படி ஆளைப் பார்த்துத்தான் மருந்து.

என்னை மட்டும் மரத்தடிக்குக் கூப்பிடவில்லை.

முதல் நாள் என் கையில் மட்டையைக் கொடுத்துப் பந்தை வைத்தார். எங்கள் ஊரில் கில்லி ஆடுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த ஞாபகத்திலேயே அடித்தேன். பந்து எருமைகளுக்கு மேலே போய் மதகுப் பக்கம் விழுந்தது. இன்னொன்று வைத்தார், அதுவும் போனது. மூன்றாவதை வைத்துவிட்டு எனக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். நான் தமிழ்ப் பிள்ளை என்று அவருக்குத் தெரியும். என்னோடு தமிழில்தான் பேச வேண்டும் என்று வைத்துக்கொண்டிருந்தார், அவருக்குத் தெரிந்த தமிழில்.

"உனக்கு அவசரம் இல்ல தல்லி," என்றார். தல்லி என்றால் அம்மா, கண்ணு என்பது போலச் செல்லமாகச் சொல்வது. சொல்லிவிட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு புங்க மரத்தடிக்குப் போனார்.

சரி, எனக்கு மெதுவாகச் சொல்லித்தருவார் போலிருக்கிறது, முறை வரும் என்று இருந்தேன். மறுநாளும் நான் அடித்தேன், பார்த்தார், அதையே சொன்னார். அதற்கடுத்த நாளும் அதேதான். என் முறை வரவே இல்லை.

அங்கே அக்காவுக்கு நடப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சார் மண்டியிட்டு அவள் பாதத்தை நகர்த்தி வைப்பார். முழங்கையைப் பிடித்துக் காட்டுவார். தோளைத் திருப்புவார். அவள் தப்பாக அடிப்பாள், மறுபடியும் எல்லாம் முதலிலிருந்து. எவ்வளவு தப்பாக அடித்தாலும் அவ்வளவு கவனிப்பு. பாடம் முடிந்து இறங்கி வரும்போது கோயிலில் பரிவட்டம் கட்டிவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வருவாள். கம்பவுண்டர் மகன் வாயில் பெப்பர்மின்ட்டோடு வருவான். அவனுக்குப் பாடத்தோடு மிட்டாயும் உண்டு. எனக்கு ஒன்றுமில்லை.

"சாரு உனக்கு இன்னா சொன்னாரு?" என்று கேட்பேன்.

"சொல்லக்கூடாதுன்னுகிறாரு. உனக்கு சொல்லாததை என்னை ஏன் கேக்கற?" என்று மாங்கொட்டையைச் சூப்பிக்கொண்டே சொல்வாள்.

இப்படி இருக்கும்போதுதான் பெங்களூர் பேச்சு வந்தது. சாரின் பழைய கிளப்பில் குழந்தைகளுக்கு ஒரு போட்டி. மூவரில் ஒருவரை லீவு முடிவதற்குள் அவர் கூட்டிப்போவார். ரயிலில் போய், சாரின் தங்கை வீட்டில் தங்கி, நிஜப் புல்லில் ஆடலாம். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் அதுவரை பார்த்த பெரிய ஊர் திருப்பதிதான். அதுவும் மொட்டை போட்டு அழுதபோது பார்த்தது. பெங்களூருக்கு நான்தான் போக வேண்டும், அதைவிட முக்கியம், அக்கா போகக்கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனா என்னைப் பார்க்க வந்தார். நேராக ஏரிக்குள்ளேயே இறங்கி வந்துவிட்டார். சார் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, நைனா வேட்டி கட்டியிருந்த கட்டைப் பார்த்தோ என்னவோ, தமிழிலேயே பேசினார்.

"மீ பொண்ணுக்கு கோச்சிங் அவசரம் இல்லங்க," என்றார்.

நைனா தெலுங்கிலேயே மாடு பேரம் பேசுகிறவர். ஆனால் எதிரில் இருப்பவர் தமிழில் பேசினால் தமிழைத்தானே கேட்பார்? "அதுக்கின்னா சார். பொட்டப்புள்ள, மெதுவா கத்துக்கட்டும். இப்ப இன்னா அவசரம்," என்று சிரித்தார்.

சாரும் சிரித்தார். இருவரும் ஒருவருக்கொருவர் ரொம்ப மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டார்கள். மத்தியானம் சாப்பிடும்போது நைனா பெரியம்மாவிடம், "இவளுக்கு இன்னும் நாளாவுமாம். பெரியவளை இட்டுக்கினு போவட்டும். நீ ஒன்னும் சொல்லாத," என்றார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தேன். நைனா வாயாலேயே வந்துவிட்ட பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை. என்னால் ஆகாது என்று சார் முடிவு கட்டிவிட்டார்.

அதோடு விட்டிருந்தால் நான் நானில்லை. மறுநாள் சாணி பொறுக்குகிற சாக்கில் கரையின் மறுபக்கம் ஏறிப் புங்க மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தேன். சார் அக்காவின் உள்ளங்கைக்கும் மட்டைப் பிடிக்கும் நடுவில் ஓர் அப்பளத்தை வைத்தார். பொரிக்காத அப்பளம், வெயிலில் காய்ந்து மொறுமொறு என்றிருந்தது. அது உடையாமல் அவள் அடிக்க வேண்டும். வாளி இழுத்து இழுத்து அவள் கை எதையும் இறுக்கிப் பிடிக்கும், அதற்கு அந்த வைத்தியம். பிறகு சூரியனுக்கு முதுகு காட்டி அவளை நிறுத்தி, அவள் தலையின் நிழல் விழுகிற இடத்தில் ஒரு கல்லை வைத்தார். அடித்து முடிக்கிறவரை நிழல் கல்லைவிட்டு நகரக்கூடாது. கம்பவுண்டர் மகனின் ரகசியமும் அன்றைக்கே தெரிந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அடிக்கிறவன். பெப்பர்மின்ட்டைக் கடிக்காமல் வாயில் வைத்துக்கொண்டு ஆட வேண்டும், அதுதான் பாடம்.

எனக்கு ஒரே ஆனந்தம். மூன்று மருந்தும் கையில் கிடைத்துவிட்டது.

மத்தியானம் எல்லோரும் படுத்திருக்கும்போது மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால் பயிற்சி. பெரியம்மா அப்பள டப்பாவில் கை வைத்தேன். சாரிடம் மாட்டிக்கொள்ளாமல் ஒரு மட்டையைப் பகலில் கொண்டுவர முடியாது, அதனால் மட்டைக்குப் பதில் வேலியில் பிடுங்கின குச்சி ஒன்று. உள்ளங்கையில் அப்பளம், தலை நிழலில் கல், பெப்பர்மின்ட் இல்லாததால் வாயில் புளியங்கொட்டை. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு ஆடினேன். அப்பளம் உடையக்கூடாது என்று பார்த்தால் நிழல் நகரும். நிழலைப் பார்த்தால் கொட்டையைக் கடித்துவிடுவேன். எண்ணெய் காய வைத்த பிறகு அப்பளம் காணோம் என்று பெரியம்மா அக்காவைத் திட்டினாள். அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

ஏரியில் என் பந்துகள் கோணலாகப் போக ஆரம்பித்தன. பயிற்சி போதவில்லை என்று நினைத்து இன்னும் அதிகமாகச் செய்தேன். சார் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். எதையும் திருத்தவில்லை. தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருந்தாரோ என்னவோ.

ஆளைத் தேர்ந்தெடுக்கிற நாள் வந்தது. கம்பவுண்டர் மகன் முதலில் அடித்தான், சுமார். அக்கா அடித்தாள். பந்து நேராகப் போய் ஆயில் மணலில் ஏறி நின்றது. அவள் அப்படி அடித்து நான் பார்த்ததே இல்லை. பிறகு நான். மட்டையைத் தூக்கும்போதே கை என்னுடையதாக இல்லை. பந்து பக்கவாட்டில் உருண்டு ஒரு நண்டு வளைக்குள் போய்விட்டது. வாயில் இருந்த புளியங்கொட்டையை முழுங்கிவிட்டேன்.

சார் எழுந்து வந்தார். என் இரண்டு கையையும் பிடித்து விரித்துப் பார்த்தார். காலையில் கடைசியாக ஒரு தடவை பயிற்சி செய்திருந்தேன். உள்ளங்கைக் கோட்டில் அப்பளத் தூள் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது யாரு நேர்ப்பிச்சிந்தி? யாரு சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டார். குரல் கோபமாக இல்லை. ஏதோ உடைந்த சாமானைப் பார்த்துக் கேட்கிற மாதிரி இருந்தது. நான் கையை இழுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சார் எனக்குப் பின்னால் வந்து, முழங்கையைப் பிடித்து, தோளைத் திருப்பி, மண்டியிட்டுப் பாதத்தை நகர்த்தி வைத்தார். லீவு முழுக்க நான் ஏங்கியது அதற்குத்தான். ரொம்ப நேரம் முயன்று பார்த்தார். பழையபடி வரவில்லை. சாயங்காலம் பெரியம்மா வீட்டுக்கு வந்து, அக்காவுக்குத் துணிமணி எடுத்துவைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் பெங்களூர் போய் இரண்டாவதாக வந்து அந்தக் கோப்பையைக் கொண்டுவந்தாள். மெத்தை மாதிரி புல்லாம். இனிப்பு பன்னாம். கிளப்பில் ஒரு அம்மா இவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ரிப்பன் கட்டிவிட்டாளாம். கேட்டுக் கேட்டு எனக்குக் காய்ச்சல் வந்தது. நிஜக் காய்ச்சல், பெரியம்மா வேப்பிலை வைத்தாள். அம்மாவுக்கு உடம்பு தேறி நைனா வந்து என்னைக் கூட்டிப்போனார். அடுத்த வருஷம் நல்ல மழை, ஏரி நிறைந்து டப்பா, மணல் எல்லாம் தண்ணீருக்கடியில் போய்விட்டது. சாரும் பெங்களூருக்கே திரும்பிப் போய்விட்டார். என்னை அரக்கோணத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நான் மட்டையைத் தொடவில்லை.

வீட்டுக்காரர் போன பிறகு இப்போது திருப்பதியில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன மாதம் கண் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெஞ்சில் வரிசையாக உட்காரவைத்து, ஒரு தெலுங்குப் பெண் ஒவ்வொருவர் கண்ணிலும் மருந்து விட்டுக்கொண்டே வந்தாள். என் சீட்டைப் பார்த்தாள், நான் தமிழில் பேசியதைக் கேட்டாள், தமிழிலேயே சொன்னாள்:

"உங்களுக்கு அவசரம் இல்லம்மா."

சரி, கடைசியில் விடுவாள் என்று உட்கார்ந்திருந்தேன். பெஞ்சு காலியானது. அடுத்த வரிசை வந்து அதுவும் போனது. சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. எழுந்து போய், "இன்னாம்மா, எனக்கு எப்ப வுடுவ?" என்று கேட்டேன்.

"அப்பவே சொன்னனே ஆன்ட்டி, அவசரம் இல்லன்னு. உங்களுக்கு மருந்து வேணாம். உங்க கண்ணு நல்லா இருக்கு, நேரா டாக்டர் கிட்ட போலாம்."

பக்கத்தில் நின்ற வார்டு அம்மா சிரித்துக்கொண்டே எனக்கு விளக்கினாள். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. நாம் சொல்கிற அவசரத்துக்கு அவர்களிடம் தொந்தர என்று வேறு வார்த்தை இருக்கிறது. இந்தப் பெண் 'லேது' என்பதை மட்டும் 'இல்ல' என்று மாற்றிவிட்டுத் தமிழ் பேசியதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நான் பெஞ்சிலேயே மறுபடி உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் அறையில் என் பெயரைக் கூப்பிட்டது காதில் விழவில்லை. உனக்குத் தேவையில்லை தல்லி. உங்கள் பெண்ணுக்குக் கோச்சிங் தேவையில்லைங்க. சார் நாற்காலியை எப்போதும் என் பக்கமாகப் போட்டுக்கொள்வார். வேப்ப மர நிழலுக்காக என்று நினைத்திருந்தேன். அந்த ஏரிக்குள் ஏது வேப்ப மரம்?

மறுநாளே மகனிடம்கூடச் சொல்லாமல் சித்தூர் பஸ் ஏறினேன். புத்தலப்பட்டைத் தாண்டும்போது ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அக்கா வீட்டில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முழங்கால் இன்னும் மடங்குகிறது, தரையில் உட்காருகிறாள். அதையும் கவனித்துவைத்துக்கொண்டேன். சேரை இழுத்துப் போட்டு, முதல்முறையாகக் கோப்பையைப் பார்த்தபடி உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் நடந்ததை முழுக்கச் சொன்னேன்.

அவள் அவரைக்காய் நாரை உரித்துக்கொண்டே கேட்டாள். "தெரியும்டி," என்றாள்.

"இன்னா தெரியும்?"

"சாரு சொன்னது எனக்கு அப்பவே புரிஞ்சிது. நான் தெலுங்குப் பள்ளிக்கூடம்தான? உனக்கு ஒன்னும் தேவையில்லன்னாரு. நீ வேற மாதிரி எடுத்துக்கினு மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு இருந்த."

"கொட்டாய்க்குப் பின்னால நான் அப்பளம் வச்சிக்கினு ஆடனது?"

"பாத்தேன். உனக்காவத்தான் எங்கம்மா கிட்ட திட்டு வாங்கினேன்."

"அப்பறம் ஏண்டி சொல்லல?"

கத்தியை முறத்தில் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. "என்னை அந்தாளு காலைத் திருப்பி கையைத் திருப்பி மாடு பழக்கற மாதிரி பழக்குனாரு. நீ சொம்மா வந்து நின்னு அடிப்ப. நீ அடிச்சா எங்களை அப்படியே வுட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பி நிப்பாரு. எங்கிட்ட பேசிக்கினே உன் பந்தைப் பாப்பாரு. எனக்கு வயிறு எரியும். சோறு எறங்காது. உன்னைத் திருப்பி ஊருக்கு அனுப்புன்னு எங்கம்மா கிட்ட அழுதேன், தெரியுமா உனக்கு? அந்தக் கோப்பைய தொடைக்கறப்பல்லாம் இது என்னுது இல்லன்னு தோணும்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பெங்களூர் போயிருப்பேன், ரயில் ஏறியிருப்பேன், யார் கண்டது, இன்னும் எங்கெல்லாமோ போயிருப்பேன். ஒரே ஒரு வார்த்தையால் அவள் அதை எனக்குக் கொடுத்திருக்கலாம். கோபத்தைத் தேடிப் பார்த்தேன். அதற்குப் பதிலாக அடிவயிற்றிலிருந்து வேறு ஏதோ குளுகுளு என்று ஏறிக்கொண்டு வந்தது.

"அக்கா," என்றேன். "இன்னொரு தபா சொல்லு."

"எதை?"

"வயிறு எரிஞ்சிதுன்னியே, அதை."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சொன்னாள். சோறு இறங்காததையும், அம்மாவிடம் அழுததையும், சார் அவளை விட்டுவிட்டு என் பந்தைத் திரும்பிப் பார்த்ததையும் ஒன்று விடாமல் சொன்னாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அக்கா வீட்டுக்காரர் வந்து சொல்கிறவரை நான் அவளைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.